பல் இல்லாத வாயில் எதைத் துடைப்பது?

கேள்வி: வணக்கம் டாக்டர். பேறுகாலத்துக்காகக் கானாடுகாத்தானில் என் அம்மா வீட்டுக்கு வந்தவள், இன்னும் இங்கேதான் இருக்கிறேன். பையனுக்கு ஐந்து மாதம் முடியப் போகிறது. தாய்ப்பால் மட்டும்தான். பத்து நாளாக எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறான், ராத்திரி சிணுங்குகிறான். ஈறு தடித்த மாதிரி இருக்கிறது, அதுவும் மேல் ஈறு. வசம்பைத் தேனில் உரைத்துத் தடவினால் வலி தெரியாமல் பல் வந்துவிடும் என்கிறார் என் அப்பத்தா. சென்னையில் இருக்கும் நாத்தனார், மருந்துக் கடையில் ஈறுக்குப் போடுகிற ஜெல் கிடைக்கும், அதை வாங்கு என்கிறார். இணையத்தில் பார்த்தால், பிறந்த நாளிலிருந்தே ஈறைச் சுத்தம் செய்திருக்க வேண்டுமாம். நான் ஒரு நாள்கூடச் செய்யவில்லை. தப்புச் செய்துவிட்டேனா? பல்லே இல்லாத வாயில் எதைத் துடைப்பது? இன்னொன்று, தினமும் குளிப்பாட்டும்போது அப்பத்தா தொண்டைக்குள் விரலை விட்டுக் கோழை எடுக்கிறார். அது சரியா? மேல் பல் முதலில் முளைத்தால் மாமனுக்கு ஆகாது என்று அம்மா வேறு கவலைப்படுகிறார். எனக்கு ஒரே தம்பி.

பதில்: தப்பு ஒன்றும் நடந்துவிடவில்லை. முதலில் அந்தக் கவலையை இறக்கி வையுங்கள்.

பல்லைச் சொத்தையாக்கும் கிருமிக்கு ஒட்டிக்கொள்ள ஒரு கெட்டியான இடம் வேண்டும். அந்த இடம் பல். ஈறின் மேல்தோல் உதிர்ந்து உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருப்பதால் கிருமி அங்கே நிலையாகக் குடியேற முடியாது. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற, பல் இல்லாத குழந்தையின் வாயை ஐந்து மாதம் துடைக்காததால் எதுவும் கெட்டுப்போகாது. பிறந்த அன்றே ஆரம்பிக்காவிட்டால் போச்சு என்று இணையத்தில் மிரட்டுகிறார்கள். இருபது வருடமாகக் காரைக்குடியில் குழந்தைகளின் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு அப்படி அடித்துச் சொல்ல மனம் வரவில்லை.

ஆனால் நாளையிலிருந்து துடையுங்கள் என்றுதான் சொல்வேன். காரணம் அழுக்கு இல்லை. இன்னும் ஒன்றிரண்டு மாதத்தில் பல் வரும், அன்றிலிருந்து பிரஷ் தொட வேண்டும். அதுவரை வாயில் யார் விரலும் படாத குழந்தை, பிரஷைப் பார்த்ததும் வாயை இறுக மூடிக்கொள்ளும். இப்போதே பழகிய குழந்தை விரலைக் கண்டால் வாயைத் திறக்கும். அதோடு, தினமும் உள்ளே பார்க்கிற தாய்க்குத்தான் ஒரு மாற்றம் வந்தால் உடனே கண்ணில் படும்.

துடைப்பது எப்படி என்பதற்கு முன்னால் வசம்பும் தேனும். இந்த வயதுக் குழந்தைக்கு ஈறில் சேரும் அழுக்கைவிட, நாம் ஈறில் தடவுவதால்தான் ஆபத்து அதிகம்.

ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. தேனில் சில சமயம் ஒரு நுண்ணுயிரின் வித்துகள் இருக்கும். நாம் சாப்பிட்டால் நம் குடல் அவற்றை வளர விடாது. பச்சைக் குழந்தையின் குடலில் அவை முளைத்து, நரம்பைத் தளர்த்துகிற ஒரு நஞ்சை உண்டாக்கும். பொட்டுலிசம் என்று பெயர். முதலில் மலம் கட்டும், பால் உறிஞ்சும் வேகம் குறையும், அழுகை ஈனமாகும், கண் இமை தொங்கும், கழுத்து துவளும். முற்றினால் மூச்சுவிடும் தசையே சோர்ந்துபோகும். அரிதான நோய்தான், ஆனால் வந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவுதான். "எங்கள் வீட்டுத் தேன் சுத்தமான கொல்லிமலைத் தேன்" என்று சொல்பவர்கள் உண்டு. கலப்படம் இல்லாத தேனிலும் வித்து இருக்கலாம். சாதாரணமாகக் கொதிக்க வைத்தாலும் அது சாகாது.

அடுத்தது வசம்பு. பொழுது சாய்ந்தபின் அதன் பெயரைச் சொல்லாமல் 'பேர் சொல்லாதது' என்று கடையில் கேட்கிற ஊர் நம் ஊர். பிள்ளை வளர்ப்பான் என்றும் அதற்குப் பெயர் உண்டு. அப்பத்தாவுக்கு அதன்மேல் இருக்கும் நம்பிக்கை எனக்குப் புரிகிறது, எனக்கும் அதை உரைத்துக் கொடுத்துத்தான் வளர்த்தார்கள். ஆனாலும் அதில் அசரோன் என்று ஒரு பொருள் இருக்கிறது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் புற்றுக்கட்டி வந்ததால், 1968லேயே அமெரிக்காவில் வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்துவிட்டார்கள். கொஞ்சம் கூடிப்போனால் குழந்தைக்கு வாந்தி நிற்காது. உரைகல்லில் தேய்க்கும்போது எவ்வளவு இறங்குகிறது என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. அந்தக் கல் கடைசியாக எப்போது கொதிநீர் பார்த்தது என்பதும் யாருக்கும் தெரியாது.

நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். பையன் கையில் வசம்பு வளையல் இருக்கிறதா? இருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள். இரண்டு மாதக் குழந்தைக்கு அது வெறும் வளையல். கையை வாய்க்குள் திணிக்கிற ஐந்து மாதக் குழந்தைக்கு அது நாள் முழுக்கச் சப்புகிற வசம்பு. நூல் அறுந்தால் மணி மூச்சுக்குழாய்க்குள் போகிற அளவு. இதேபோல, இரண்டாங்கட்டிலோ மேல்மாடியிலோ அந்தக் காலத்து வர்ணம் பூசிய மரச்செப்பு, கிலுகிலுப்பை என்று பெட்டி நிறைய இருக்கும். காரைக்குடியில் பழம்பொருள் கடையில் பார்த்து ஆசையாக வாங்கி வருபவர்களும் உண்டு. பார்க்க அழகு, கொலுவில் வையுங்கள். பழைய வர்ணத்தில் காரீயம் இருக்கலாம், கடிக்கிற குழந்தையிடம் கொடுக்காதீர்கள்.

நாத்தனார் சொன்ன ஜெல்லுக்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். டியூபைத் திருப்பிப் பின்னால் பாருங்கள். பென்சோகெயின், லிக்னோகெயின், கோலின் சாலிசிலேட், இந்த மூன்றில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். பென்சோகெயின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதையே கெடுத்துவிடலாம், குழந்தையின் உதடு நீலம் பாரித்துவிடும். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பல் முளைக்கும் வலிக்காக அதைத் தடவக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018ல் சொல்லிவிட்டது. லிக்னோகெயினை விழுங்கி வலிப்பு வந்த குழந்தைகள் இருப்பதால் 2014லேயே எச்சரிக்கை வந்தது. சாலிசிலேட் ஆஸ்பிரினுக்கு உறவுக்காரன். பிரிட்டனில் 2009லிருந்து 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அந்த ஜெல்லைக் கொடுப்பதில்லை. இத்தனை வம்புக்கும் பலன் என்ன என்று பார்த்தால், இரண்டு நிமிடத்தில் எச்சில் அதைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. ஈறு மரத்ததோ இல்லையோ, தொண்டை மரத்துப்போய்ப் பால் குடிக்கத் தடுமாறும்.

கோழை எடுக்கும் சமாச்சாரம். அப்பத்தா கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்து, பையனைக் கால்மேல் போட்டு, இளஞ்சூட்டில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிடுவது அருமையான விஷயம். அந்தக் குளியலுக்குப் பிறகு குழந்தை தூங்குகிற தூக்கம் வேறு எதிலும் வராது. குளியலை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் தொண்டைக்குள் விரல் போகக் கூடாது. வெளியே வருவது பெரும்பாலும் எச்சிலும் கக்கின பாலும்தான், நெஞ்சுச் சளி அப்படி வராது. நகம் பட்டு அண்ணம் கிழிந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். குமட்டி, பால் புரையேறிப் போகவும் வழி இருக்கிறது. மூக்கில் எண்ணெய் விடுவதும் வாயால் ஊதுவதும் இருந்தால் அவற்றையும் விட்டுவிடச் சொல்லுங்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் ஒருவிதமான நிமோனியா வரும்.

இதை அப்பத்தாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்கள் உண்மையான சிக்கல் என்று நினைக்கிறேன். ஆறு பிள்ளை வளர்த்தவரிடம் போய் "டாக்டர் கூடாது என்கிறார்" என்றால் எந்த டாக்டர் என்று கேட்பார். என் அனுபவத்தில், ஒன்றைக் கையிலிருந்து பிடுங்குவதைவிட வேறொன்றைக் கையில் கொடுப்பது எளிது. ஈறு துடைக்கிற வேலையை அவரிடமே கொடுங்கள். அதே குளியல், அதே கால், அதே விரல். தொண்டைவரை போகாமல் ஈறோடு நிற்கட்டும். "நகத்தை மட்டும் ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள் அப்பத்தா" என்று நீங்களே உட்கார்ந்து வெட்டிவிடுங்கள்.

துணிக்குப் பழைய வேட்டிதான் சிறந்தது. பத்து வருடம் துவைத்து நூல் தளர்ந்துபோன எட்டு முழ வேட்டி எந்த வீட்டிலும் இருக்கும். பழைய கண்டாங்கியைக் கிழித்துக்கொண்டு வந்த ஒரு ஆச்சியைத் திருப்பி அனுப்பினேன். கண்டாங்கி நெசவு தடிமன், ஏணை கட்ட ஆகும், ஈறுக்கு ஆகாது. வேட்டியை நான்கு விரல் அகலத்துக்குச் சதுரமாக ஏழெட்டுத் துண்டு வெட்டி, கொதிநீரில் போட்டெடுத்து, வெயிலில் காயவைத்து, மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு துண்டு. தண்ணீர் சம்பை ஊற்றுத் தண்ணீரே ஆனாலும் கொதிக்க வைத்து ஆறவைத்ததாக இருக்கட்டும். உப்பு, மஞ்சள், கிளிசரின், கிராம்புத் தைலம் எதுவும் அதில் கலக்க வேண்டாம்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, துணியை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, நனைத்து, நன்றாகப் பிழியுங்கள். சொட்டினால் புரையேறும். பால் குடித்த உடனே செய்தால் கக்குவான், குளித்து முடித்துப் பசி எடுக்கும் முன் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் தோது. நேரே வாய்க்குள் விரலை விடாதீர்கள். முதலில் கன்னம், அப்புறம் உதட்டோரம். அவனே வாயைத் திறந்து விரலைத் தேடுவான். கீழ் ஈறில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஒரே இழுப்பு. மேல் ஈறிலும் அதேபோல. கன்னத்தின் உள்பக்கம் ஒரு தடவை. நாக்கில் முன்பாதியோடு நிறுத்துங்கள், அதற்குப் பின்னால் போனால் குமட்டும். அவ்வளவுதான், அரை நிமிடம். நடுவில் விரலைக் கடித்துக்கொண்டு விடமாட்டான். இழுக்காதீர்கள், கடிக்க விடுங்கள். பல் வரும் ஈறுக்கு அந்த அழுத்தம்தான் சுகம். ஜெல்லும் வசம்பும் கொடுக்காத ஆறுதலை அந்த ஈரத்துணி கொடுக்கும். ரொம்பச் சிணுங்கினால், சுத்தமான ஈரத்துணியைச் சிறிது நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, முனையைக் கடிக்கக் கொடுங்கள், பக்கத்திலேயே இருங்கள். ஃப்ரீசரில் வைக்க வேண்டாம், உறைந்த துணி ஈறைப் புண்ணாக்கும்.

முழு ரப்பரில் செய்த கடிப்பான் வாங்கலாம், உள்ளே திரவம் அடைத்தது வேண்டாம். கேரட் துண்டு கொடுக்கச் சொல்வார்கள், அதுவும் வேண்டாம், ஒரு சில்லு பெயர்ந்தால் தொண்டையில் அடைக்கும்.

துடைக்கும்போது கண்ணில் படக்கூடிய சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன். நாக்கில் வெள்ளையாக இருந்து, துடைத்தால் போய்விட்டால் அது பால்படிவு. துடைத்தும் போகாமல், சுரண்டினால் அடியில் சிவந்து தெரிந்தால் அது பூஞ்சை. மருத்துவரிடம் காட்டுங்கள், உங்கள் மார்புக்காம்புக்கும் சேர்த்து மருந்து வேண்டியிருக்கலாம். பிறந்த சில வாரத்துக்குள் ஈறிலும் அண்ணத்திலும் அரிசி முனை மாதிரி வெள்ளை முத்துகள் நிறையக் குழந்தைகளுக்கு வரும். பல் என்று நினைத்து நெல்லால் கீறிவிட்டதைக்கூடப் பார்த்திருக்கிறேன். அவை தானாகவே உதிர்ந்துவிடும், தொடவே வேண்டாம். பல் முளைக்கிற இடத்தில் நீலமாகக் கொப்புளம் போல எழும்பினால் பயப்படாதீர்கள், பல் வெளியே வந்ததும் அடங்கிவிடும்.

எச்சில் ஒழுகுவதற்கும் கடிப்பதற்கும் பல் மட்டும் காரணமில்லை. மூன்று நான்கு மாதத்திலேயே எச்சில் அதிகம் ஊற ஆரம்பித்துவிடும், அதை விழுங்கத் தெரிவதற்கு இன்னும் நாளாகும். தாடையிலும் கழுத்து மடிப்பிலும் ஈரம் நிற்காமல் ஒற்றி எடுங்கள், தேய்த்தால் தோல் சிவந்துவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பல் முளைப்பதால் லேசாக உடம்பு கதகதப்பாக இருக்கலாம், அதற்கு மேல் காய்ச்சல் வராது. பேதியும் வராது. சில வருடங்களுக்கு முன் ஒன்பது மாதக் குழந்தை ஒன்றை என்னிடம் தூக்கி வந்தார்கள், ஈறு வீங்கியிருக்கிறதா பாருங்கள் என்று. நான் பார்த்தது ஈறை இல்லை. கண் குழி விழுந்திருந்தது, அழுதால் கண்ணீர் வரவில்லை, நாக்கு காய்ந்து துணியில் ஒட்டியது. மூன்று நாளாகப் பேதி. "பல் முளைக்கிற பேதிதானே" என்று வீட்டில் இருந்திருக்கிறார்கள். அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், டிரிப் ஏற்றிக் காப்பாற்றினார்கள். தாயிடமிருந்து வந்த நோய் எதிர்ப்பு குறைவதும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தவழ்ந்து கண்டதை எடுத்து வாயில் வைப்பதும், பல் வருவதும் ஒரே சமயத்தில் நடக்கிறது. அதனால் பழி பல்மேல் விழுகிறது. 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தண்ணீராகப் பேதி, பால் குடிக்க மறுப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

பல் எப்போது வரும்? பொதுவாக ஆறு மாதத்தை ஒட்டி. நான்கு மாதத்திலும் வரும், முதல் பிறந்தநாள் வரையும் தள்ளும். ஒரு வயது தாண்டியும் ஒரு பல்கூட வரவில்லை என்றால் ஒருமுறை காட்டுங்கள். மொத்தம் 20 பால் பற்கள், இரண்டரை மூன்று வயதில் முடியும். ஒன்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். இந்த 20 பல்லும் நீங்கள் நான்கு மாதக் கர்ப்பமாக இருக்கும்போதே உருவாக ஆரம்பித்துவிட்டன. இப்போது வெளியே வரத்தான் நேரம் பார்க்கின்றன.

முதல் பல்லின் முனை தெரிந்த அன்றே துணியோடு பிரஷும் சேரட்டும். சின்னத் தலை, மெத்தென்ற நார். அதில் அரிசி மணி அளவு ஃபுளோரைடு பேஸ்ட். விளம்பரத்தில் காட்டுவது போல பிரஷ் நிறைய இல்லை, பொன்னி அரிசி ஒரு மணி. குழந்தைகள் பேஸ்ட் என்று விற்கிற பலவற்றில் ஃபுளோரைடு குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. 1000 பிபிஎம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஒரு மணி அளவில் மொத்தமே சுமார் 0.1 மில்லிகிராம்தான் இருக்கும், துப்பத் தெரியாமல் விழுங்கினாலும் பாதகமில்லை. மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போல நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு அதிகம் உள்ள ஊருக்கு மாறினால் அங்குள்ள மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பல்பொடி, சாம்பல், கரி எதுவும் வேண்டாம், பால் பல்லின் எனாமல் மெல்லியது.

அதற்குப் பிறகு ராத்திரிதான் முக்கியம். தூங்கும்போது எச்சில் ஊறுவது குறையும், பல்லைக் கழுவிவிட ஆள் இல்லை. பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கவைத்தால் மேல் முன்பல்லில் பால் தேங்கும். ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு போல வெளுத்தால் அதுதான் சொத்தையின் முதல் அடையாளம், அந்தக் கட்டத்தில் வந்தால் சரிசெய்துவிடலாம். உங்களுக்குத் தாய்ப்பால் என்பதால் பயந்து நிறுத்த வேண்டாம். படுக்கும் முன் பல்லைத் தேய்த்துவிடுங்கள். ஒரு வயதுக்கு மேல் ராத்திரி முழுக்க மார்பிலேயே கிடப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

ஆறு மாதம் முடிந்து இணை உணவு ஆரம்பித்ததும் வீட்டில் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். கேப்பைக் கூழில் கருப்பட்டி, பாலில் பனங்கற்கண்டு, ரஸ்க்கை டீயில் நனைத்து ஒரு வாய். வெள்ளைச் சீனி இல்லையே என்பார்கள். சொத்தைக் கிருமிக்குக் கருப்பட்டியும் சீனியும் ஒன்றுதான். கவுனி அரிசி இனிப்பெல்லாம் இரண்டு வயதுக்கு மேல் இருக்கட்டும், எங்கேயும் ஓடிவிடாது. சோற்றை மென்று ஊட்டுவதும், கரண்டியைத் தன் வாயில் வைத்துச் சூடு பார்ப்பதும் வேண்டாம். நம் வாயிலுள்ள சொத்தைக் கிருமி அப்படித்தான் குழந்தைக்குப் போகிறது. உங்களுக்கே சொத்தைப் பல் இருந்தால், புகுந்த வீட்டுக்குத் திரும்பும் முன் அடைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பல் வந்த ஆறு மாதத்துக்குள், தள்ளிப்போனால் முதல் பிறந்தநாளுக்குள், பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஐந்து வயதில், கன்னம் வீங்கி, ராத்திரி முழுக்க அழுத குழந்தையோடு வருகிறார்கள். "பால் பல்தானே, விழுந்துவிடுமே" என்கிறார்கள். பால் கடைவாய்ப்பல் விழ பத்து, பன்னிரண்டு வயதாகும்.

கடைசியாக உங்கள் தம்பி. பெரும்பாலும் கீழ் முன்பல் இரண்டும்தான் முதலில் வரும், உங்கள் பையனுக்கும் அப்படியே வரலாம், ஈறு தடித்ததை வைத்துச் சொல்ல முடியாது. சில குழந்தைகளுக்கு மேல் பல் முந்திக்கொள்ளும். அந்த வரிசை மாறுவதற்கும் மாமனுக்கும் சம்பந்தமில்லை. என் பெண்ணுக்கு மேல் பல்தான் முதலில் வந்தது. என் தம்பி தேவகோட்டையில் கடை வைத்திருக்கிறான், சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, அதற்குக் காரணம் அவன் சாப்பிடுகிற சீயமும் உக்காரையும்.